இருநூற்றைம்பது லிட்டர் கடல்

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகாது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இது தவறு. இத்தனை பெரிய தவறு இத்தனை வகுப்பறைகளிலும் அடுக்களைகளிலும் திருத்துவாரில்லாமல் கிடப்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. அதிலும் முப்பத்தோரு வருடம் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்திய நான், ஐந்து பெருங்கடல்களைப் பற்றியும் ஓயாமல் பேசிய நான், இதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறது பழமொழி. வேண்டாம். மூச்சுக்கு வழி செய்துகொடுத்தால் போதும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைத்தான் மீன் எடுத்துக்கொள்கிறது. அது தீர்ந்துபோனால், தண்ணீர் விளிம்புவரை நிற்கும், மீனும் நடுவில் நிற்கும், நீச்சலும் மறந்திருக்காது, இருந்தும் கிணற்றில் விழுந்த மனிதனைப் போலவே அது மூழ்கிச் சாகும். சூடான தண்ணீரில் காற்று குறைவாகத்தான் தங்கும். உப்புத் தண்ணீரில் அதைவிடக் குறைவு. ஆகவே வெள்ளம் வந்த மூன்றாம் நாள், மழை வெறித்த மத்தியானம், கரண்ட் இல்லாத தூத்துக்குடியில், மாடி வீட்டுக் கூடத்தில், நாலடி நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் இந்த இருநூற்றைம்பது லிட்டர் கடல்தான் எங்கள் தெருவிலேயே மூச்சு விட மிகவும் மோசமான இடம். கீழ்வீட்டைத் தவிர.

ஒரு மணி, ஒரு மக். மக்கை அமிழ்த்தி மொண்டு, தோள் உயரத்துக்குத் தூக்கி, கயிறு விடுவதுபோல மெல்லிசாக ஊற்ற வேண்டும். விழுகிற இடத்தில் நுரை வரும். அந்த நுரைதான் காற்று. பொதபொதவென்று கொட்டினால் பாதி தரையில், மீதி என் சேலையில். முதலில் ஏதோ நினைவில் பித்தளைச் செம்பை எடுத்துவிட்டேன். நாலு தடவை ஊற்றிய பிறகுதான் தாமிரம் கலந்த எதுவும் இந்தத் தண்ணீரில் படக்கூடாது, இறாலுக்கும் பவளத்துக்கும் அது விஷம் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து, செம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அரிசி அளக்கிற பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொண்டேன். அதன் அடியில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. கணக்குக்கு இடது கையில் ஜெபமாலை. ஐம்பத்து மூன்று சிறிய மணி முடிந்தால் கொஞ்சம் உட்காரலாம், பெரிய மணிகளை நான் சேர்த்துக்கொள்வதில்லை, அந்த மட்டில் மாதாவுக்கு மரியாதை. ஆனால் கை மணியைத் தள்ளும்போது வாய் சும்மா இருப்பதில்லை, நாற்பது வருடப் பழக்கம், எண்ணத்தான் வைத்துக்கொண்டேன் என்றாலும் பாதியில் பார்த்தால் மந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மீனுக்காக ஜெபமாலை சொன்ன முதல் பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன், இல்லை, இருக்க முடியாது, இந்த ஊரில் மீனுக்காகத்தான் எல்லா ஜெபமாலையும், வலை நிறைய வேண்டும் என்று. மீன் சாகக்கூடாது என்று சொன்னவள்தான் நானாக இருப்பேன்.

எத்தனை மணி இருக்கும்? சுவரைப் பார்க்கிறேன். பதினொன்று இருபது. நேற்றும் பதினொன்று இருபது. பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டார் ஒன்று உண்டு, அதற்கு இரண்டு பென்சில் பேட்டரி. முதல் இரண்டு முதல் ராத்திரியோடு போயின. பிறகு டிவி ரிமோட்டிலிருந்து இரண்டு, அது தீர்ந்ததும் சுவர்க் கடிகாரத்தில் ஒன்றும் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியில் ஒன்றும். ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு என்று தெரியாதது ஒருவகையில் நல்லது. இன்று காலையில் அந்த மோட்டார் கர்ர் என்று ஒரு தடவை கனைத்துவிட்டு நின்றது, அதிலிருந்து நானும் மக்கும். கடைத்தெருவில் இடுப்பளவு தண்ணீர். தெரு முழுக்க நல்ல தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், ஊரே அதில் மிதக்கிறது, நடுவில் நான் ஒரு தொட்டி உப்புத் தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த வேடிக்கையைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. ஆள் மதுரையில், கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு, தங்கச்சி வீட்டில் படுத்திருக்கிறார்.

அவர் என்றால் ரெமிஜியுஸ், என் வீட்டுக்காரர். வலது கண்ணில் புரை எடுக்கப் போனவர். இரண்டே நாளில் வந்துவிடுகிறேன், நீ வரவேண்டாம், மீனுக்கு ஆள் வேண்டாமா என்று போனார். போன மறுநாள் வானம் கிழிந்தது, பாலம் அறுந்தது, ரயில் இல்லை. அவர் கப்பலில் எலெக்ட்ரீஷியன், இருபத்தாறு வருடம், ஒரு கப்பலை இருட்டில் விட்டதில்லை என்று மார்தட்டுவார். அப்படிப்பட்டவர் இந்தத் தொட்டிக்கென்றே வாங்கிய இன்வெர்ட்டரை மாடிப்படிக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்தார். ஏன் அங்கே என்று கேட்டேன். பேட்டரி என்பது கனமான சாமான், கப்பலில் கனத்தை எப்போதும் கீழேதான் வைப்போம், மேலே வைத்தால் கப்பல் சாயும் என்றார். வீடு சாயாமல் நிற்கிறது. இன்வெர்ட்டர் முதல் நாள் சாயங்காலமே முங்கிப்போனது. இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாரா? சிரிக்கமாட்டார். அவர் தம்பி கஸ்பார் சிரிப்பான், அவனுக்கு விசைப்படகு இருக்கிறது, பரவர் குடும்பத்தில் பிறந்தவன் வீட்டுக்குள் மீன் வளர்க்கிறானா என்று பதினொரு வருடமாகச் சிரிக்கிறான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து தொட்டி முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, “ஏண்ணே, கடலு கூப்பிடு தூரத்துல கெடக்கு, அதக் கொண்டாந்து பெட்டிக்குள்ள அடச்சு வச்சிருக்கியே, கொழம்புக்குக் காணுமா இது?” என்பான். ஆனால் ஆழத்துத் தண்ணீர் வேண்டுமென்றால் அதே கஸ்பார்தான் படகில் போய் பத்து கேன் பிடித்துக்கொண்டு வந்து, மாடியேறி வைத்துவிட்டுப் போவான். கரைத் தண்ணீர் ஆகாது, டீசலும் சகதியும். இப்போது படகு எதுவும் போகவில்லை. ஐம்பத்து மூன்று. உட்காரலாம்.

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால் பாதி உட்கார்ந்தபடியே நிற்கிறேன். தைலம் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வழுவழுக்கிறது. இசக்கி கூடத்தின் மறுமூலையில் ஈரப் பாயைப் பிரித்துப் போடுகிறாள். கீழ்வீட்டுக்காரி. உப்பளத்தில் வேலை. முதல் நாள் தண்ணீர் அவள் வாசற்படியைத் தாண்டியபோது நான்தான் மேலே கூப்பிட்டேன். புருஷன் கொம்பையா சோற்றுப் பொட்டலம் கொடுக்கிற இடத்துக்குப் போயிருக்கிறான், வருவான், அல்லது வரிசையிலேயே நிற்பான்.

“என்ன டீச்சர், இன்னும் முடியலையா ஒங்க அபிஷேகம்?” என்கிறாள்.

“முடியாது. கரண்ட் வர்ற வரைக்கும்.”

“எங்க இசக்கியம்மனுக்குக்கூட இம்புட்டுக் கொடம் ஊத்துனதில்ல. அவ வரம் குடுப்பா. இது என்ன குடுக்கும்?”

“ஒண்ணும் குடுக்காது.”

“பொரிச்சாவாவது குடுக்கும்.” அவளே சிரித்துக்கொள்கிறாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து, “செத்த நேரம் நான் ஊத்துறேன், நீங்க கட்டய சாய்ங்க. மூஞ்சியப் பாருங்க, வெளுத்துப்போய்க் கெடக்கு.”

“வேண்டாம்மா. உனக்கு அளவு தெரியாது.”

“ஆமா, எனக்கு அளவு தெரியாது. உப்பு எத்தன டிகிரின்னு பாத்துப் பாத்துப் பாத்தியில தண்ணி விடுறவ நான். எனக்கு அளவு தெரியாது.” பாயை உதறுகிற உதறலில் கோபம் தெரிகிறது. நியாயமான கோபம்தான். உப்புத் தண்ணீரைப் பற்றி இந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் இதை இன்னொருத்தர் கையில் கொடுக்க முடியாது, ஏன் முடியாது என்று அவளிடம் சொல்லவும் முடியாது. ஒரு மணி, ஒரு மக்.

ஏன் முடியாதென்றால், இதற்கு முன்னால் இந்தத் தொட்டியில் வேறு மீன்கள் இருந்தன. எட்டு வருடத்துக்கு முன்னால். பதினான்கு மீன். அது அக்டோபர், ஜெபமாலை மாதம், வெள்ளிக்கிழமை, பக்கத்து வீடுகளிலிருந்து எல்லாரும் எங்கள் வீட்டில் ஜெபம் சொல்ல வருகிற முறை. வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன், கொசுவும் போகும், பக்தியும் வரும் என்று. ஜன்னலைச் சாத்தி, புகை நன்றாகப் பிடிக்கட்டும் என்று தூபக்காலைக் கொண்டுபோய் வைத்த இடம் தொட்டிக்குக் கீழே, காற்று மோட்டார் பக்கத்தில். மோட்டார் என்பது அறையில் உள்ள காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிற சாமான். அறையில் சாம்பிராணி இருந்தால் சாம்பிராணியை உறிஞ்சும். இவ்வளவுதான் விஷயம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். நான் பாட்டுக்கு முழங்கால் போட்டுத் துக்க தேவ இரகசிய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன், முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மேலே வந்து பக்கவாட்டில் படுத்திருக்கிறது. பாட்டு முடிந்து, சுண்டல் கொடுத்து, எல்லாரும் போன பிறகு அவர் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, தூபக்காலைப் பார்த்தார். வலையை எடுத்தார். பதினான்கையும் வாளியில் போட்டு, சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு, துறைமுகத்துப் பக்கம் போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார். வந்து கை கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை, எட்டு வருடமாகச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு நாளில் ஆறியிருக்கும். தட்டைத் தள்ளியிருந்தால் அழுதிருப்பேன். அவர் இரண்டாவது தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு ஆறு மாதம் தொட்டி காலியாக இருந்தது, வெறும் கண்ணாடி, அதற்குள் எதிர்ச் சுவர் தெரிந்தது, அந்தச் சுவரை நான் பெருக்கும்போதெல்லாம் பார்த்தேன். எனக்கு மீன் செத்துவிடும் என்று பயமில்லை. மீன் செத்தால் அவர் வருவார், பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். இன்னொரு எட்டு வருடம். எனக்கு அறுபத்து நாலு வயது. இன்னொரு எட்டு வருடத்துக்கு என்னிடம் தெம்பில்லை.

உண்மையைச் சொன்னால், இந்தத் தொட்டி தொலையட்டும் என்று மூன்று தடவை நினைத்திருக்கிறேன். ஒரு தடவை வேளாங்கண்ணிக்குப் போக முடியாமல் போனபோது. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் கண்டு கிடந்தபோது அவர் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீரின் சூடு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்து, பிறகு என் நெற்றியைத் தொட்டபோது, அந்த வரிசை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது எதற்கு என்று மறந்துவிட்டது, நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நினைப்பதற்கு விலை உண்டா? உண்டு என்று ஞான உபதேசத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மணி, ஒரு மக். இருபத்தெட்டா, இருபத்தொன்பதா. முதல் நாளே ஒரு நீல மீன் போய்விட்டது, அதைச் செய்தித்தாளில் சுற்றி ரோஜாத் தொட்டியில் புதைத்தேன். இன்னும் ஆறு மீன், ஒரு இறால். நாலு மீன் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற மாணவிகள் மாதிரி. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி மட்டும் மேலே வரவில்லை. கோமாளி மீன் என்பார்கள். இரண்டும் தங்கள் வீட்டை விட்டு அசையவில்லை. அந்த வீட்டைத்தான் நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்க்கிறேன்.

அதன் பெயர் பாடப்புத்தகத்தில் கடல் சாமந்தி. அது பூ அல்ல, செடியும் அல்ல, பாறையில் பாதத்தை ஊன்றிக்கொண்டு நூறு விரலை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு மிருகம். அவர் அனிமோன் என்பார். தொட்டியில் அவர் அதிக நேரம் பார்ப்பது அதைத்தான். நல்ல நாளில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கும், கோமாளிகள் அதற்குள் புகுந்து புரளும். இப்போது ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கி, வாயைப் பிதுக்கிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் இல்லாவிட்டால் சுருங்கும் என்று தெரியும். செத்தாலும் சுருங்கும் என்றும் தெரியும். அது செத்தால் அதோடு போகாது, அழுகி, அத்தனை தண்ணீரையும் விஷமாக்கிவிடும். ஃபோனில் நாலு சதவீதம் இருக்கிறது. நேற்று மாதா கோவில் ஜெனரேட்டரில் வரிசையில் நின்று ஏற்றியது. தொட்டி மோட்டாரைக் கொண்டுவந்து அங்கே மாட்டலாமா என்று, கோவில் காரியம் பார்க்கிற உபதேசியாரிடம் கேட்டதற்கு, “மீனுக்கா டீச்சர்?” என்றார், மரியாதையாகத்தான், ஆனால் பின்னால் நின்ற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மக்கைக் கீழே வைத்தேன். அவர் நம்பரை அழுத்தினேன்.

“அமலி, சொல்லு. கரண்ட் வந்துட்டா?”

“இல்ல. சார்ஜ் இல்ல, நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அனிமோன் சுருங்கிப்போச்சு. எலுமிச்சங்காய் அளவுக்கு. உயிரோட இருக்கா செத்துட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்க?”

“மோந்து பாரு.”

“என்னது?”

“மூக்கக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பாரு. செத்திருந்தா வாடை ஆளத் தூக்கிரும், சந்தேகமே வராது. வாடை இருந்தா யோசிக்காத, தூக்கி வெளிய போட்டுரு, இல்லன்னா ஒரு மணி நேரத்துல எல்லாம் போயிரும். வாடை இல்லன்னா தொடாத. பிச்சு எடுத்தா பாதம் கிழிஞ்சு அதனாலயே செத்துரும். மோந்து பாத்தா தெரிஞ்சிரும் அமலி, ஒண்ணும் கஷ்டமில்ல.”

ஒண்ணும் கஷ்டமில்ல. மூன்று வருடத்துக்கு முன்னால், ஊரையே முகமூடி போடவைத்த அந்தக் காய்ச்சல் வந்து போனபோது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. எல்லாருக்கும் பத்து நாளில், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று சொல்லாமல் இருந்தேன், பிறகு சொல்லாமல் இருந்ததே சொல்ல முடியாத காரணமாகிவிட்டது. என் மீன் குழம்புக்கு அவர் குடும்பத்தில் ஒரு பெயர் உண்டு. வெங்காயத்தின் நிறத்தைப் பார்த்து வதக்குகிறேன், கடிகாரத்தைப் பார்த்து இறக்குகிறேன், கேஸை அடைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். மல்லிகைப் பூவை வாங்கினால் எண்ணிப் பார்த்து வைத்துக்கொள்கிறேன். சாம்பிராணி போட்ட அன்றைக்கு எனக்கு மூக்கு இருந்தது, அறிவு இல்லை. இன்றைக்கு ஓரளவு அறிவு இருக்கிறது.

“எனக்கு வாடை தெரியாதுங்க,” என்றேன். “மூணு வருசமா தெரியாது. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல. உங்ககிட்ட சொல்லல.”

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லாதிருப்பது எனக்குப் பழக்கம், அதனால் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கடிகாரம் பதினொன்று இருபது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஃபோன் கறுப்பாக இருந்தது. எந்த வார்த்தையில் செத்தது? வாடைக்கு முன்னாலா, மூணு வருசத்துக்குப் பிறகா? அழுத்திப் பார்த்தேன், ஒரு சிவப்புக் கோடு வந்துவிட்டுப் போனது. கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாரா, கேட்கவே இல்லையா? இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். சுருங்கிய அனிமோன் மாதிரி. மேல்மட்டத்தில் நாலு வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“இசக்கி, இங்க வாம்மா. இந்தத் தண்ணிய மோந்து பாரு.”

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். முகத்தைத் தண்ணீரில் படுகிற அளவுக்குக் கொண்டுபோனாள். மூக்கை இழுத்தாள். நிமிர்ந்தாள். மறுபடியும் குனிந்தாள்.

“நாறுதா?”

“நாறுது.”

“என்ன மாதிரி நாறுது? அழுகின நாத்தமா?”

“எல்லா மாதிரியும் நாறுது டீச்சர். மூணு நாளா கக்கூஸ் தண்ணி எங்க வீட்டுக் கட்டிலுக்கு மேல நிக்குது. என் சேல நாறுது, என் தல நாறுது, அந்தாள் கிட்ட வந்தா அவன் நாறுறான். இதுக்குள்ள உங்க மீன் தனியா நாறுதான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

ஊரில் ஒழுங்கான மூக்கு ஒன்றுகூட இல்லை. அனிமோனை எடுத்துவிடலாமா? செத்திருந்தால் ஆறு மீனும் ஒரு இறாலும் பிழைக்கும். உயிரோடிருந்தால் நானே கொன்றவள் ஆவேன், இரண்டாவது தடவை, அதே தொட்டியில். எடுக்காமல் விட்டால்? உயிரோடிருந்தால் எல்லாம் பிழைக்கும். செத்திருந்தால் எல்லாம் போகும். நாலு கட்டம் போட்ட அட்டவணை, கரும்பலகையில் போட்டு, பிள்ளைகளே இதில் எது நல்லது என்று கேட்டிருப்பேன், மணி அடித்திருக்கும், போய்விடலாம். இசக்கி இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “உசுரு இருக்கான்னு பாக்க எதுக்கு மூக்கு? தொட்டுப் பாத்தா தெரியாதா? ஒட்டுனா உசுரு. வழுக்குனா செத்தது. நண்டு, நத்தை, எல்லாத்துக்கும் அதான்.”

தொட்டுப் பார்க்கலாம். அதன் விரல்களில் பிசின் போல ஒரு பிடிப்பு இருக்கும் என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், மூக்கைப் பற்றிப் பேசிய அவசரத்தில் விட்டுவிட்டார். ஆனால் என் கை முழுக்கத் தைலம். இரண்டு கையும். கழுவச் சோப்புப் போட்டால் சோப்பு விஷம்.

“கையில எண்ணெய் தடவியிருக்கியா?”

“எண்ணெயா! டப்பாவே மிதக்குது.”

“சோப்புப் போட்டியா?”

“குடிக்கத் தண்ணி இல்ல. சோப்புப் போட்டுக் குளிச்சுப் பன்னீர் தெளிச்சுட்டு வந்திருக்கேன். ஏன் டீச்சர் கேக்கீய?”

“அப்ப உள்ள விடு.”

கேனில் மிச்சமிருந்த கடல் தண்ணீரில் கையை மூன்று தடவை அலசச் சொன்னேன். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு வெடித்த கை அது, விரல் நுனியெல்லாம் வெள்ளைக் கீறல். “கடிக்குமா?” என்றாள். “கடிக்காது. லேசாகக் கொட்டும்.” “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” “கடிக்கப் பல் வேணும்.” “பல்லில்லாமலே எங்க மாமியா கடிச்சாளே,” என்று சொல்லிக்கொண்டே முழங்கைவரை விட்டாள். பாதி வழியில், “ஏ ஆத்தாடி!” என்று கையை உதறினாள். “கொட்டும்னீய, இது கடிக்குது டீச்சர்!” பெண் கோமாளி. வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவள் சுண்டுவிரலைக் கொத்திக்கொண்டிருந்தது. நீளத்தில் என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத பிராணி. “அது மீன். பரவாயில்ல, இன்னும் உள்ள விடு.” “மீனுக்குப் பரவாயில்ல.” மறுபடியும் விட்டாள். மீன் மறுபடியும் கொத்தியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் நீட்டி, அந்தச் சாம்பல் நிறப் பந்தின் ஓரத்தைத் தொட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் சொல்லாத முகங்களைப் படிக்க எனக்கு எட்டு வருடப் பயிற்சி இருக்கிறது, ஆனால் ஒன்றும் புரியவில்லை.

“என்ன?”

“இருங்க.” விரலை மெதுவாகப் பின்னால் இழுத்தாள். விரலோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு நூல் நீண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், நூல் இன்னும் நீண்டது, பிறகு பட்டென்று விட்டுவிட்டு உள்ளே போனது. “ஒட்டுது. பலாப்பழத்துப் பால் மாதிரி ஒட்டுது. சனியன், உசுரோடதான் இருக்கு.”

நான் உட்கார்ந்துவிட்டேன். தரையில், ஈரத்தில். அவள் என்னிடம் கேட்காமலே மக்கை எடுத்தாள், மொண்டாள், தலைக்கு மேலே தூக்கி, என் கயிற்றைவிட மெல்லிய கயிறாக விட்டாள். ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை. நுரை நன்றாக வந்தது. அதை எனக்குச் சொல்லிக்காட்டாமலும் அவள் இருக்கவில்லை. “டிகிரி சரியா இருக்கா டீச்சர்?” என்றாள். சரியாக இருக்கிறது என்றேன். சுவரில் தலையைச் சாய்த்தேன். அவர் இப்போது மதுரையில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருப்பார்? வாடைக்கு முன்னாலா, மூணு வருசத்துக்குப் பிறகா. இந்த மூன்று வருடத்தில் எத்தனை தடவை குழம்பில் உப்புக் கூடியிருக்கும், புளி கெட்டிருக்கும், மீன் ஒருநாள் முந்தியதாக இருந்திருக்கும், அவர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, அப்படியானால் அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லையா, அந்தச் சாம்பிராணி வெள்ளிக்கிழமையிலும் இப்படித்தான் இரண்டாவது தடவை வாங்கினாரா, அதை நான் தப்பாகப் படித்தேனா, அதுவும் தெரியவில்லை, எட்டு வருடமாக ஒரே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேனா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தோள் துடித்துக்கொண்டே இருந்தது, ஊற்றாமல் இருக்கும்போதும் ஊற்றுவதுபோல. மணி எந்த இடத்தில் நின்றது என்று மறந்துவிட்டேன். தண்ணீர் விழுகிற சத்தம். “தின்னு, தின்னுட்டுத் தூங்கு, வேற என்ன வேல ஒனக்கு,” என்று இசக்கி மீனைத் திட்டுகிற சத்தம். கொம்பையா படியேறி வந்து இரண்டு பொட்டலத்தை வைத்துவிட்டு, “என்னட்டி, நீயும் ஆரம்பிச்சிட்டியா?” என்றதும், அவள், “வாய மூடிட்டு அடுத்த கை நீ புடி,” என்றதும் கேட்டன. மூன்று பேரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிச் சிவப்பாகிக்கொண்டிருந்தபோது, கொம்பையாவின் முறையில், தொட்டிக்கு மேலே விளக்கு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது, மோட்டார் உறுமியது, தெரு முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது. அவன் பயந்துபோய் மக்கைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டான்.

ஆறு மீனும் இறாலும் பிழைத்தன. அனிமோன் நாலாம் நாள் விரிந்தது. பாலத்தைச் சரிசெய்து அடுத்த சனிக்கிழமை பஸ் விட்டார்கள், அவர் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார், தொட்டியைப் பார்த்தார், நீல மீனைக் கேட்டார், சொன்னேன். இன்வெர்ட்டரைப் பற்றியும் சொன்னேன். ஃபோனைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது அவர் பின்னாலேயே வந்து, பால் பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரித்து, மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, மேடையில் என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.